6,000 வெள்ளிக்கு ஒரு காப்சாய்: சுங்கை சிப்புட் சாலைக்குப் புதிய இஎக்ஸ்5 தகுமா, பழையதைப் பிரித்துச் செய்வது தகுமா?

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் ஒரு புதிய காப்சாயை, அதாவது ஹோண்டா இஎக்ஸ்5 எஃப்ஐ (பெட்ரோலை மின்னணு முறையில் தெளிக்கும் வகை) போன்ற சிறிய மோட்டாரைப் பதிவு, காப்புறுதி, சாலை வரி, நம்பர் பிளேட் எல்லாம் முடித்துக் கையில் வாங்க ஏறக்குறைய 6,000 வெள்ளி தயாராக இருக்க வேண்டும். கடையில் வண்டியின் மேல் ஒட்டியிருக்கும் விலை 5,000-ஐ ஒட்டித்தான் இருக்கும். மீதி பில் எழுதும்போது ஏறும். மலிவு வண்டி என்று பெயர் எடுத்ததற்கே இந்த விலை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளிக்கு உயர்ந்தது. அதை வைத்துப் பார்த்தாலும் மூன்றரை மாதச் சம்பளத்தை முழுசாகக் கொடுத்தால்தான் வண்டி வீட்டுக்கு வரும்.

எல்பில், ஹேவுட், கமுனிங், லிந்தாங் பக்கம் பல வீடுகளில் இன்று ஒரே கேள்விதான். வீட்டு வாசலில் புகை விட்டுக்கொண்டு நிற்கும் பழைய இஎக்ஸ்5-ஐத் தள்ளிவிட்டுப் புதியது எடுப்பதா, இல்லை அதையே பிரித்துச் செய்துகொள்வதா? இந்த மதிப்பீடு அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சட்டகமும் கிராண்டும் (வண்டியின் உரிமைப் பதிவுச் சான்று) சுத்தமாக இருந்தால் பழையதைச் செய்யுங்கள். இரண்டில் ஒன்று கெட்டிருந்தாலும் அதில் காசு போடாதீர்கள். முடிந்தவரை பெரிய முன்பணம் கட்டிப் புதிய இஎக்ஸ்5 எடுங்கள். தோட்டத்துக்கும் ஈப்போவுக்கும் போய்வரும் ஒருவருக்கு, ஐந்தாண்டுத் தவணையில் 150 சிசி வண்டி தேவையே இல்லை.

விலை ஏன் ஏறியது என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. 2018 செப்டம்பரில் ஜிஎஸ்டி போய் விற்பனை வரி திரும்ப வந்தது. ஹோண்டா வண்டிகள் பினாங்கு பத்து கவானில் பொருத்தப்பட்டாலும் உள்ளே போகும் சாமான்களில் ஒரு பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது, ரிங்கிட் இறங்கினால் அதன் விலை ஏறும். கார்புரேட்டர் போய் எஃப்ஐ வந்ததும் பம்பு, இன்ஜெக்டர், சென்சர், கணினிப் பெட்டி என்று விலையுள்ள சாமான்கள் கூடின. 150 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2025 முதல் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம்; அது உயிர் காக்கும் விதி, குறை சொல்ல முடியாது, ஆனால் அதற்கும் காசு வேண்டும். யமஹா ஒய்16இசட்ஆர் 2021 கடைசியில் வந்தபோதே 10,888 வெள்ளி. காப்சாய் ஐந்து இலக்கத்துக்குப் போனது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

சரி, வண்டிக்கு வருவோம். இப்போதைய இஎக்ஸ்5 எஃப்ஐ 109.1 சிசி, காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர், நான்கு கியர், கையில் கிளட்ச் கிடையாது. பழைய கார்புரேட்டர் இஎக்ஸ்5 97 சிசி. இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர்தான். புதியதில் பிஸ்டன் ஓடும் நீளம் கூடியிருக்கிறது. அதனால்தான் புதியது மேட்டில் மூன்றாவது கியரிலேயே இழுக்கும், பழையதில் இரண்டாவதற்கு இறங்க வேண்டியிருக்கும். பின்னால் ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) மூட்டையோ ஒரு தோம்பு தண்ணீரோ ஏற்றி லிந்தாங் பக்கத்து மேடுகளில் ஏறுபவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

எண்ணெய் (பெட்ரோல்) கணக்கு பலர் நினைப்பதுபோல் பெரிய விஷயம் இல்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்; போக வர 60. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி நாளைக்கு 1.2 லிட்டர் குடிக்கும். அரசாங்க மானியமுள்ள புடி95 பெட்ரோல் விலையான 1.99 வெள்ளிக்கு மாதம் 26 நாள் வேலைக்குப் போனால் 62 வெள்ளி. லிட்டருக்கு 40 ஓடும் 150 சிசி வண்டிக்கு அதே தூரம் 78 வெள்ளி. மாதத்துக்கு 16 வெள்ளிதான் வித்தியாசம். பெரிய வண்டி கையைக் கடிப்பது தவணையிலும், காப்புறுதியிலும், அகலமான டயரிலும், களவு பயத்திலும். சாலை வரியையும் பாருங்கள்: 150 சிசி வரைக்கும் ஆண்டுக்கு 2 வெள்ளி, 155 சிசி உள்ள ஒய்16-க்கு 30 வெள்ளி.

இஎக்ஸ்5-இல் குறை இல்லாமல் இல்லை. இன்றைக்கும் முன்னால் பின்னால் இரண்டும் டிரம் பிரேக்தான். மழையில் ஈப்போ சாலையில் லாரிக்குப் பின்னால் போகும்போது இது போதாது. இடைவெளி விட்டுத்தான் ஓட்ட வேண்டும். செம்மண் தூள் டிரம்முக்குள் போய் ஷூவைப் பளபளப்பாக்கிவிடும், பிரேக் பிடித்தால் சத்தம் வரும், வண்டி நிற்காது. தோட்டத்துக்குள் ஓடும் வண்டிக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் துடைத்து, ஷூவை மணல் தாளால் லேசாகத் தேய்த்துப் போட வேண்டும். டிரம் மூடியில் ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுசாகப் பிடிக்கும்போது அது குறியைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்துவிட்டது, கேபிளை இன்னும் இறுக்கிப் பயனில்லை.

சக்கரத்தில் ஸ்போக் வகையையே எடுங்கள். அலாய் ரிம் பார்க்க அழகுதான், ஆனால் பள்ளத்தில் இறங்கி விரிசல் விட்டால் முழு ரிம்மையும் மாற்ற வேண்டும். ஸ்போக் வளைந்தால் பட்டறையில் இழுத்து நேராக்கலாம். ரப்பர் பால் வெட்டுபவர்களின் வண்டியில் பாலும், பாலை உறைய வைக்கும் ஆசிட்டும் சிந்தி ஸ்போக்கையும் கேரியரையும் அரித்துவிடும். அன்றன்றைக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். காய்ந்த பிறகு சுரண்டினால் பெயிண்டும் சேர்ந்து வரும்.

எஃப்ஐ வண்டியில் புதிதாகப் பழக வேண்டியது பேட்டரி. பழைய இஎக்ஸ்5-க்குப் பேட்டரி செத்தாலும் உதைத்தால் எஞ்சின் பிடிக்கும். எஃப்ஐ-யில் பெட்ரோல் பம்புக்கும் கணினிப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி முழுசாகச் செத்தால் உதைத்தாலும் பிடிக்காமல் போகலாம். மீட்டரில் மஞ்சள் விளக்கு மின்னினால் பயப்பட வேண்டாம், எண்ணிப் பாருங்கள். நீண்ட மின்னல் ஒன்று பத்து, குறுகிய மின்னல் ஒன்று. நீண்டது ஒன்றும் குறுகியது இரண்டும் என்றால் 12, அது இன்ஜெக்டர் பக்கம். 21 என்றால் புகைக் குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சர். இந்த எண்ணைக் குறித்துக்கொண்டு பட்டறைக்குப் போனால், ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்த்து உங்கள் காசில் படிக்கும் வேலை நடக்காது. காற்று ஃபில்டர் எண்ணெய் தடவிய காகிதம் என்றால் அதைக் காற்றடித்தோ பெட்ரோலில் கழுவியோ திரும்பப் போடக் கூடாது. செம்மண் சாலையில் ஓடினால் கையேட்டில் சொன்ன தூரத்தில் பாதியிலேயே புதிது போடுங்கள்.

இனி கடன். 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் குறைந்தது பத்து விழுக்காடு முன்பணம் கேட்கிறது. "முன்பணம் வேண்டாம்" என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் அந்தப் பத்து விழுக்காடு விலைக்குள்ளேயே எங்கோ ஏறியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 6,000 வெள்ளி வண்டிக்கு 600 கட்டி 5,400 கடன் வாங்குவதாக வைத்து, ஆண்டுக்குப் பத்து விழுக்காடு நிலை வட்டி போட்டுப் பார்ப்போம். மூன்று ஆண்டுக்கு மாதம் 195 வெள்ளி, வட்டி மட்டும் 1,620. ஐந்து ஆண்டுக்கு மாதம் 135 வெள்ளி, வட்டி 2,700. கடைக்காரர் 135-ஐத்தான் சொல்லுவார், கேட்கவும் இதமாக இருக்கும். ஆனால் முன்பணத்தோடு சேர்த்து அந்த வண்டிக்கு நீங்கள் கொடுப்பது 8,700 வெள்ளி. நிலை வட்டி பத்து என்பது, குறைந்துகொண்டே வரும் பாக்கிக்குக் கணக்கிட்டால் 17 விழுக்காட்டுக்கும் மேல். தவணையை மாதத்தால் பெருக்கி ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

விலை ஏற ஏற இந்த வட்டாரத்தில் பெருகிவரும் இன்னொரு வழி சம்போங் பாயார். தவணை கட்ட முடியாதவர் வண்டியைச் சில நூறு வெள்ளிக்குக் கைமாற்றிவிடுவார், வாங்குபவர் மீதித் தவணையைக் கட்டுவார். இதை வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம். கிராண்டில் உங்கள் பெயர் இல்லை, கடன் நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை அப்படியே இருக்கிறது, காப்புறுதியும் முதல் ஆளின் பெயரில். விபத்து நடந்தால் பணம் கேட்க உங்களுக்கு இடமில்லை. நீங்கள் ஒழுங்காகக் கட்டினாலும் வண்டி முதல் ஆளின் பெயரில்தான். அவர் மனம் மாறிப் போலீசில் புகார் கொடுத்தால் சாலையில் பிடிபடுவது நீங்கள். இப்படிச் சிக்கிக்கொள்பவர்கள் பெரும்பாலும் முதல் வேலைக்குப் போகும் பையன்கள். வீட்டுப் பெரியவர்கள் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பழையதைச் செய்வது

ஒரு பழைய இஎக்ஸ்5 செய்யத் தகுதியானதா என்று பார்க்க எஞ்சினிலிருந்து தொடங்காதீர்கள், சட்டகத்திலிருந்து தொடங்குங்கள். எஞ்சினில் மாற்ற முடியாத சாமான் ஒன்றும் இல்லை. சட்டகம் துருப்பிடித்துப் போயிருந்தால் எஞ்சினில் போடும் காசெல்லாம் வீண். சீட்டைக் கழற்றி, பின் மட்கார்டு சேரும் இடத்தையும் ஸ்விங் ஆர்ம் போல்ட் நுழையும் இடத்தையும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். மேலாகத் துரு உதிர்ந்தால் பரவாயில்லை, திருப்புளி உள்ளே இறங்கினால் விட்டுவிடுங்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தை இடம் வலமாக ஆட்டினால் ஆடக் கூடாது. ஆடினால் ஸ்விங் ஆர்ம் புஷ் அல்லது சக்கர பேரிங், இரண்டும் மலிவு. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பும்போது நேராக வரும் இடத்தில் ஒரு தடக்கு இருந்தால் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) போய்விட்டது. அதுவும் பெரிய செலவில்லை, ஆனால் அதோடு ஓட்டினால் வளைவில் வண்டி தானாக இழுக்கும்.

பிறகு புகை. காலையில் முதல் உதையில் நீலப் புகை வந்து சற்று நேரத்தில் நின்றால் வால்வு சீல். ஓடும்போது கைப்பிடியை முறுக்கும் ஒவ்வொரு முறையும் வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் பிளாக்கும் தேய்ந்திருக்கின்றன. கீழே கட்டையால் தட்டுவதுபோல் "டக் டக்" என்று வேகத்தோடு சேர்ந்து வந்தால் கோன்ராட் (பிஸ்டனைக் கீழே சுழலும் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி). இடப்பக்கம் சங்கிலி உரசும் சத்தம் எஞ்சின் சூடானதும் குறைந்தால் கேம் செயினும் டென்ஷனர் ரப்பரும்.

மேல் பாதியை மட்டும் செய்வது, அதாவது பிளாக்கைக் கடைந்து பிஸ்டன், ரிங் மாற்றுவது, அதிகம் கேட்கப்படும் வேலை. அதிகம் கெட்டுப்போவதும் அதுதான். காரணம் எளிது. மேலே புதிய பிஸ்டன் போட்டதும் அழுத்தம் கூடும், அந்த அடியெல்லாம் தேய்ந்த கோன்ராட் பேரிங்கில் இறங்கும். மூன்று நான்கு மாதத்தில் கீழே தட்ட ஆரம்பிக்கும், திரும்ப எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், கூலி இரண்டு தடவை. ஆகவே பிளாக்கைத் தூக்கியதும் கோன்ராடை மேலும் கீழுமாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது சரி. மேல் கீழாக ஒரு துளி ஆட்டம் இருந்தாலும் கிராங்கையும் சேர்த்து இறக்குங்கள்.

கிராங்கைப் பிரித்துக் கோன்ராட் கிட் போடுவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரஸ்ஸில் செய்யும் வேலை. சுத்தியலால் அடித்து ஏற்றும் இடம் என்று தெரிந்தால் அங்கே கொடுக்காதீர்கள். ஏற்றிய பிறகு டயல் கேஜ் வைத்து இரு பக்கமும் சுழற்றிப் பார்க்க வேண்டும், 0.10 மில்லிமீட்டருக்கு மேல் கோணல் இருக்கக் கூடாது. கோணலான கிராங்க் புது பேரிங்கையும் தின்றுவிடும், கால் மிதியில் நடுக்கம் தெரியும். கடைசலுக்குக் கொடுக்கும்போது பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுங்கள். 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று அளவு ஏறும். தேவைப்படும் சிறிய அளவில் நிறுத்தச் சொல்லுங்கள், அப்போதுதான் அடுத்த முறைக்கு இடம் மிஞ்சும். 1.00 தாண்டிவிட்ட பிளாக்குக்குப் புது ஸ்லீவ் அல்லது புது பிளாக்தான்.

தலைப்பாகத்தில் வால்வைத் தேய்த்து உட்கார வைத்து, பெட்ரோல் ஊற்றிக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள், ஐந்து நிமிட வேலை. 97 சிசி எஞ்சினுக்கு வால்வு இடைவெளி 0.05 மில்லிமீட்டர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. சூட்டில் வைத்தால் அளவு சரியாக இருக்காது. கேம் செயின், டென்ஷனர் ரப்பர், ஆயில் சீல், கேஸ்கெட், கிளட்ச் ஷூ எல்லாம் இதே பிரிப்பில் மாறிவிட வேண்டும். தனித்தனியாகச் செய்தால் கூலிதான் ஏறும்.

முடித்ததும் எஞ்சின் ஆயிலைக் கையேட்டில் சொன்ன அளவுக்கே ஊற்றுங்கள். ஒரு லிட்டர் புட்டியை வாங்கி முழுசும் ஊற்றிவிடுவது இங்கே பரவலான பழக்கம். அதிகமான ஆயில் கிளட்சை இழுக்கும், மூச்சுக் குழாய் வழியாகக் காற்று ஃபில்டருக்குப் போகும், அதைப் பார்த்து "ரிங் சரியில்லை" என்று மறுபடி பிரிப்பவர்களும் உண்டு. முதல் 500 கிலோமீட்டருக்கு முறுக்கைப் பாதிக்கு மேல் திறக்காமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாமல், பாரம் ஏற்றாமல் ஓட்டி, ஆயிலை மாற்றுங்கள். வடியும் ஆயிலில் மெல்லிய மினுமினுப்பு வரும், அது சகஜம். நகக்கீறல் அளவு துண்டு வந்தால் உடனே பட்டறைக்குத் திரும்புங்கள்.

கியர் போட்டதும் வண்டி முன்னால் துள்ளினால் கிளட்ச் அட்ஜஸ்ட் தவறியிருக்கும். பூட்டு நட்டைத் தளர்த்தி, நடு ஸ்குருவை வலப்பக்கம் ஒரு சுற்று விட்டு, பிறகு இடப்பக்கம் மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் கை தடைப்படும். அங்கிருந்து வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கு விட்டு நட்டை இறுக்குங்கள். இதற்குப் பட்டறையே வேண்டாம்.

செலவுக்கு, மேல் கீழ் இரண்டையும் நல்ல சாமான் போட்டுச் செய்ய 800 முதல் 1,200 வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள்; டயர், செயின், ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ, கோன்செட், ஒயரிங் எல்லாம் சேர்ந்தால் இன்னொரு 500. பட்டறைக்குப் பட்டறை இது மாறும். எப்படிப் பார்த்தாலும் ஐந்தாண்டுத் தவணையின் வட்டிக்கும் கீழேதான் நிற்கிறது. போலி சாமான்தான் இதில் பெரிய எதிரி. பிளக், பேரிங், சிடிஐ (பிளக்குக்கு மின்பொறி அனுப்பும் பெட்டி) மூன்றிலும் போலி ஏராளம். ஒரிஜினல் பெட்டியைப் பார்த்து வாங்குங்கள், கழற்றிய பழைய சாமானைத் திரும்பக் கேளுங்கள். தர மறுக்கும் பட்டறை, மாற்றாததற்கும் காசு வாங்கியிருக்கலாம்.

வீட்டில் பழையது இல்லாமல் வெளியில் வாங்குபவர்கள் விலை பேசும் முன் எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் கிராண்டோடு ஒத்துப்போகின்றனவா என்று டார்ச் அடித்துப் படிக்க வேண்டும். எண் மேல் அரைத்த தடமோ பக்கத்தில் புதுப் பெயிண்டோ இருந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். கடன் நிறுவனத்தின் கோரிக்கை நீங்கியதா, பாக்கிச் சம்மன் உண்டா என்று பார்த்து, விற்பவரோடு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) போய்ப் பெயர் மாறிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். விலை ஏறியதால் பழைய இஎக்ஸ்5-க்கும் இப்போது நல்ல மவுசு. நல்ல நிலையில் உள்ளதற்கு 3,000-க்கு மேல் கேட்டால் நின்று யோசியுங்கள், அத்தோடு எஞ்சின் வேலையும் சேர்ந்தால் புதியதின் விலையை நெருங்கிவிடும்.

மற்ற வண்டிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஹோண்டா வேவ் ஆல்பாவில் முன் டிஸ்க் வகை உண்டு, ஈப்போ சாலையிலேயே பெரும்பாலும் ஓடுபவருக்கு இஎக்ஸ்5-ஐவிட அது நல்லது. குருண் தொழிற்சாலையிலிருந்து வரும் மொடனாஸ் கிரிஸ் விலையில் குறைவு, பாரம் தாங்கும், ஆனால் விற்கும்போது இஎக்ஸ்5 போல விலை நிற்காது. எஸ்ஒய்எம் வண்டிகளை எடுக்கும் முன் சாமான் நம் ஊர்க் கடையிலேயே கிடைக்குமா என்று கேளுங்கள். மின் மோட்டாருக்கு அரசாங்கம் தகுதியுள்ளவர்களுக்கு 2,400 வெள்ளி வரை கழிவு கொடுத்தது நல்ல தொடக்கம். பட்டணத்துக்குள் ஓட்டுபவர் யோசிக்கலாம். லாசா பக்கம் சேற்றுப் பாதையில் பாரத்தோடு போகிறவருக்கு இன்னும் அது சரிவராது.

புதியதுதான் என்று முடிவானால், கடையில் மூன்று தாள் கேளுங்கள்: வண்டி விலை தனியாக, பதிவு, காப்புறுதி, நம்பர் பிளேட், மற்றக் கட்டணம் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதிய விலைப்பட்டியல், தவணை எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் போட்ட கடன் தாள், காப்புறுதி மூன்றாம் நபருக்கு மட்டுமா, களவுக்கும் சேர்த்தா என்று காட்டும் பத்திரம். பழைய வண்டியில் சேர்ந்த என்சிடி-யை (இழப்பீடு கேட்காததற்கான காப்புறுதிக் கழிவு) புதியதுக்கு மாற்ற முடியுமா என்று அங்கேயே கேளுங்கள். தலைக்கவசம் இலவசம் என்றால் அதில் சிரிம் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் அதை வாங்காமல் அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.